அம்முலு சம்பாதித்த கெட்ட பேர்

உள்ளறையில் ஈயக் குண்டுகள் சிமெண்டுத் தரையில் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. முறத்தில் ரேஷன் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்முலுவின் கை அப்படியே நின்றுவிட்டது.

எத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தத்தை அவளுக்கு அடையாளம் தெரியும். இழுவலையின் அடிவிளிம்பில் கோத்த குண்டுகள் அவை. வலையை விரித்தால்தான் அப்படிச் சத்தம் வரும். அந்த வலையை மூட்டையாகச் சுருட்டிக் கட்டி, போன வருடம் பரண்மேல் தூக்கிப் போட்டவள் அவளேதான்.

"இன்னாயா பண்ற உள்ள?"

குண்டுகள் மறுபடி உருண்டன.

"உன்னத்தான் கேக்கறேன். வலைய எதுக்கு எறக்கின?"

"எலி கடிச்சிக்கீது போல. சும்மா பாக்கறேன்," என்றான் முனியன் உள்ளேயிருந்து.

"வருசம் பூரா கடிக்காத எலி இன்னிக்கு வந்து கடிச்சிதா?"

அம்முலு முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவோரம் போய் எட்டிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் முனியன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலையின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, அறுந்த கண்களை நைலான் நூலால் முடிந்துகொண்டிருந்தான். கைக்கு வேலை மறக்கவில்லை. ஆனால் முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். காலையில் தினகரன் போன் செய்திருந்தார், சாயங்காலம் வீட்டுக்கு வருவதாக. எதற்கு வருகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். சித்தேரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வாரத்துக்குள் வலை போடாவிட்டால் வெயிலில் மீன் செத்து மிதக்கும். ஏரியின் மீன் ஏலத்தை எடுத்தவர் தினகரன். வலை போட ஆள் கூப்பிடத்தான் வருகிறார்.

'இவர் மாட்டேன்னு சொல்லப் போறதில்ல,' என்று அம்முலு நினைத்தாள். 'இன்னைக்கும் நான்தான் சொல்லணும்.'

உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, ஊர் எல்லையில் இறங்கி, கரும்புக் கொல்லையைத் தாண்டி நடந்தால் அந்த இருளர் குடியிருப்பு வரும். வரிசையாகத் தொகுப்பு வீடுகள். அதில் புங்கமரத்தை ஒட்டிய வீடு முனியனுடையது. அம்முலு பிறந்தது தாமல் பக்கம். அவள் அப்பன் அந்தப் பெரிய ஏரியில் மீன் பிடித்தவன். நடக்கப் பழகிய கையோடு தண்ணீரில் மிதக்கவும் பழகியவள் அவள். அம்மாவும் அப்பனும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது, கல்யாணமாகி வந்த வீட்டுக்கே தன் தம்பி பாலாவையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். புகுந்த வீட்டுக்குச் சீதனமாகத் தம்பியைக் கொண்டுவந்தவள் என்று அப்போதே ஊர் சிரித்தது. முனியன் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பையனுக்கு வலை முடியக் கற்றுக்கொடுத்தான், தோளில் உட்கார வைத்துக்கொண்டு உத்திரமேரூர் திருவிழாவுக்குப் போனான். தன் மகள் பிரியங்கா பிறந்தபோது, "எனக்கு இது ரெண்டாவது புள்ள," என்று எல்லாரிடமும் சொன்னவன் அவன். பிரியங்கா இப்போது கல்யாணமாகிக் கூரத்தில் இருக்கிறாள். பாலா இல்லை.

இழுவலை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்பளவு தண்ணீரில் வலை பிறைபோல வளைந்து நகரும். இரண்டு கோடியிலும் இரண்டு பேர். வலையின் கயிற்றை அவர்கள் இடுப்பில் சுற்றி முடிந்துகொள்வார்கள். கையால் பிடித்தால் வழுக்கும். இடுப்பில் கட்டினால் இரண்டு கையும் வலையைத் தூக்கிவிட மிச்சமாகும். தவிர, கயிறு கட்டுகிறவன் என்றால் அதற்கு ஒரு மரியாதை. முனியன் ஒரு கோடி, பாலா மறு கோடி. பல வருடங்களாக அப்படித்தான்.

போன கோடைக்கு முந்தைய கோடையில் ஏரி காய்ந்து கிடந்தபோது லாரிகள் வந்து மண் அள்ளிக்கொண்டு போயின. மழை பெய்து தண்ணீர் நிரம்பியதும், மேலே பார்க்க எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்தது. அடியில் ஆளை விழுங்கும் குழிகள்.

போன கோடையில் ஒரு நாள் வலை நடு ஏரியில் நின்றுவிட்டது. வலை நின்றால் அடியில் கருவேல மரத்தின் கட்டையில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். பலமாக இழுத்தால் விடுபடும். சித்தேரியில் வலை போடும் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். முனியனும், "இஸ்து புடிங்கடா," என்று குரல் கொடுத்து, முதுகை வளைத்துத் தன் பக்கம் இழுத்தான். இழுக்க இழுக்கக் கயிறு கனத்தது. மறு கோடியில் பாலா குழிக்குள் இறங்கியிருந்தான். முனியன் இழுத்த ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் இடுப்பிலிருந்த முடிச்சு இறுகிக்கொண்டே போனது. நீச்சல் தெரிந்தவன் என்பதால் யாரும் அவன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரையிலும் பார்க்க ஆளில்லை. மீன் கூடையோடு எல்லாரும் தண்ணீருக்குள் இருந்தார்கள்.

முனியன்மேல் யாரும் பழி சொல்லவில்லை. அம்முலுவும் சொல்லவில்லை. தம்பியின் தலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எதிரே ஈரத் துண்டோடு நின்றவனைப் பார்த்து, "நீ போய்த் துணிய மாத்து, குளிருது உனக்கு," என்றுதான் சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் துணி துவைக்க ஏரிக்குப் போனாள். படித்துறையில் முனியன் நின்றிருந்தான். குளிக்க வந்தவன். கணுக்கால் மட்டும்தான் தண்ணீரில் இருந்தது. அடுத்த அடி வைக்கக் காலைத் தூக்குவான், தூக்கிய கால் நடுங்கும், பழைய இடத்திலேயே வைப்பான். இப்படியே தூக்குவதும் வைப்பதுமாக நின்றான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. அம்முலு துணி மூட்டையோடு புதர் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள். திரும்பியபோது அவன் அவளைப் பார்த்துவிட்டான். அவள் தரையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்தாள். வீட்டில் அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாளே வேறொரு ஏரிக்கு வலை போடக் கூப்பிட்டுக்கொண்டு குடியிருப்புப் பையன்கள் வந்தார்கள். முனியன் எழுந்து சட்டையைத் தேடினான். வரமாட்டேன் என்று சொல்ல அவனால் முடியாது. மூன்று தலைமுறையாகத் தண்ணீரில் இறங்கிய குடும்பம், தண்ணீரைக் கண்டால் கால் நடுங்குகிறது என்று எந்த வாயால் சொல்வான்? அம்முலு வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நின்றாள்.

"என் புருசன் வரமாட்டான். என் தம்பிய குடுத்தது போதும். இந்த வூட்டுலேர்ந்து இனிமே யாரும் ஏரில எறங்கறதில்ல. கெளம்புங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பேர் வந்தது. புருசனை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள். நல்ல வலைக்காரனைக் கருவேலம் வெட்டும் கூலிக்காரனாக ஆக்கியவள். அவனுக்கு என்ன, சொன்ன பேச்சைக் கேட்கிற நல்லவன், அவள்தான் பிசாசு. பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு பஸ் ஸ்டாண்டில் மீன் விற்றபடியே நாலு பேர் கேட்கச் சொல்வாள், "ஏன் அம்முலு, இன்னிக்கு உன் வூட்டுக்காரனை வெளிய வுட்டியா, இல்ல கோழியாட்டம் கவுத்துப் போட்டு வந்தியா?"

"கவுத்துட்டுத்தான் வந்தேன். நீ வேணா போய்த் தொறந்து வுடு," என்று அம்முலு திருப்பிச் சொல்வாள். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரிப்பாள். அந்தப் பேரை அவள் யாரிடமும் இறக்கி வைக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் புருசன். அழக்கூட நேரம் ஒதுக்காமல் இரண்டையும் சுமந்துகொண்டு நடந்தாள் அந்த மகராசி.

வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது.

தினகரன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியருகே நின்றார். நாற்பது வயது. ஏரிக்குக் கீழே சொந்தமாக நஞ்சை உள்ள குடும்பம். பாலா போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் அவர் வந்ததே இல்லை. தெருவில் சின்னபொண்ணு துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெருக்காமல் நின்றாள்.

"உள்ள வரலாமா அம்முலு? தெருவே காதைத் தீட்டிக்கினு கீது."

அம்முலு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். உள்ளறையில் ஈயக் குண்டின் சத்தம் நின்றது.

"முனியன் இல்லியா?"

"கீறாரு. சொல்லுங்க மொதலாளி, என்கிட்டயே சொல்லுங்க."

"எல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான். வெள்ளிக்கிழமை வலை போட்டாகணும். வெளியூர் ஆளுங்களைக் கூட்டியாந்து பாத்தேன். ஏரிய பாத்துட்டு, குழி எங்க கீதுன்னு தெரியாம எறங்க மாட்டோம்னு பூட்டாங்க. இப்ப உங்க பசங்கதான் எறங்கறோம்னு நிக்கறானுங்க. வேகம் கீது, வெவரம் இல்ல. முனியன் முன்னால நின்னா எனக்கு ஒரு தைரியம்."

"அவரு வரமாட்டாரு."

"அவன் சொல்லட்டுமே."

"அவரு இன்னா சொல்றது? நான் சொல்றேன். அனுப்ப மாட்டேன். வேற ஆளப் பாருங்க."

தினகரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பொறுமையான மனிதர்தான். ஆனால் ஏரியும் வெயிலும் அவரைப் பொறுமையாக இருக்கவிடவில்லை.

"அம்முலு, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. உன் தம்பி போனது எனக்கும் வயித்தெரிச்சல்தான். அதுக்குன்னு ஊர்ல ஒருத்தரும் எறங்கக் கூடாதா? உன் ஒருத்தி புடிவாதத்தால நாளைக்கு வெவரம் தெரியாத இன்னொரு பையன் குழில போனா, அந்தப் பாவம் யாருக்கு? பாலா உயிரோட இருந்தா உன்னப் பாத்து வெக்கப்பட்டிருப்பான்."

அம்முலுவின் முகத்தில் யாரோ ஓங்கி அறைந்தது போலிருந்தது. முறத்து அரிசி அவள் கண்முன்னால் கலங்கியது. ஒரு வார்த்தை போதும். 'பயப்படறது நான் இல்ல மொதலாளி' என்று சொன்னால் அவள் மேலிருந்த பழி அந்த நிமிடமே இறங்கிப் போகும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளறையில் இருப்பவனை நினைத்தாள்.

"வெக்கப்பட்டா படட்டும்," என்றாள். "நான் அப்படித்தான். அனுப்ப மாட்டேன்."

உள்ளறைக் கதவு திறந்தது. முனியன் வந்தான். கையில் வலை இல்லை. சட்டையில்லாத மேல் உடம்பில் நூல் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அவள எதுவும் சொல்லாத மொதலாளி."

"வாய்யா. நீயாவது சொல்லு, நான் கேட்டதுல..."

"அவ தடுக்கல. ஒரு நாளும் தடுக்கல." முனியன் சுவரில் கை ஊன்றிக்கொண்டான். "எனக்குத்தான் பயம். தண்ணில கால வெச்சா நடுங்குது. கணுக்காலுக்கு மேல போவ முடியல. குளிக்கறதுகூட தொட்டித் தண்ணிதான். அத்த வெளிய சொல்ல எனக்கு வாய் இல்ல. இவ அதுக்காக ஊர் வாயில வுழுந்துக்கினு கெடக்கறா. நானும் பாத்துக்கினே இருந்தேன், கம்முனு."

"யோவ், நீ உள்ள போ," என்றாள் அம்முலு.

"நீ சும்மா இருமே. எத்தினி நாளுக்கு நீயே பேசுவ?"

தினகரன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாம போச்சே அம்முலு," என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வலைய எறக்கிப் பாத்தேன்," என்று முனியன் சொல்லிக்கொண்டே போனான், நிறுத்தினால் மறுபடி பேச முடியாது என்பவன் போல. "கையில எடுத்தா பயம் போவுமான்னு பாத்தேன். போவல. நான் எறங்க மாட்டேன் மொதலாளி. ஆனா வரேன். கரையில நிக்கறேன்."

"கரையிலயா?"

"கரையில. மதகு மேட்டுல நின்னா ரெண்டு கோடியும் கண்ணுக்குத் தெரியும். அன்னிக்கு அங்க ஒரு ஆளு நின்னிருந்தா, வலை மாட்டல, பையன்தான் மாட்டிக்கீறான்னு கத்தியிருப்பான். நான் இஸ்திருக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவன் வாயால் அம்முலு இதுவரை கேட்டதில்லை.

"வேற இன்னா செய்யணும், சொல்லு," என்றார் தினகரன்.

"இடுப்புல எவனும் கயிறு கட்டக் கூடாது. குறுக்குக் கட்டையில கட்டிக் கையில புடிக்கட்டும். வழுக்கினா வழுக்கட்டும். குழி எங்கெங்கன்னு நான் கரையிலேர்ந்தே காட்டறேன், பசங்க நாளைக்கே பரிசல்ல போயி சவுக்குக் கம்பு நட்டுத் துணி கட்டணும்."

"கம்பு நட்டா வலை மாட்டிக் கிழியுமேய்யா."

"கிழியட்டும். நான் முடிஞ்சித் தரேன். அப்பால, குடிச்சிட்டு எவனும் தண்ணில எறங்கக் கூடாது. நான் மேட்டுலேர்ந்து துண்டத் தூக்கினா இஸ்கறத அங்கயே நிறுத்தணும். வலை நிறைய மீன் இருந்தாலும் சரி."

"மீனெல்லாம் அடியில பூந்து பூடுமே," என்று தினகரன் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, போவட்டும். ஆனா பசங்க சிரிப்பானுங்களே முனியா. கரையில துண்டோட நிக்க ஒரு ஆளா, அதுக்கு ஒரு பங்கான்னு கேப்பானுங்க."

"சிரிக்கட்டும். சாயங்காலம் எல்லாரும் வூட்டுக்குப் போயி சிரிக்கட்டும்."

தினகரன் அவனையே பார்த்தார். "நான் சொன்னா இடுப்புக் கயிறை எவனும் அவுக்க மாட்டான். உன் பேச்சுக்குத்தான் அவுப்பானுங்க. நீ எறங்காததுக்கு அவனுங்ககிட்ட இன்னா சொல்லட்டும்? கால்ல அடின்னு சொல்லிடவா?"

முனியன் யோசித்தான். அம்முலு அவன் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். அடி என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் மூடிப் போய்விடும். அவள் பட்டதெல்லாம் பட்டதோடு போகட்டும் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

"வோணாம்," என்றான் அவன். "பயம்னே சொல்லு. பயந்தவன் ஒருத்தன் கரையில நின்னாத்தான் உள்ள இருக்கறவனை ஒழுங்கா பாப்பான். நீ சொல்ல வோணாம், நானே சொல்லிக்கறேன்."

தினகரன் எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அம்முலுவின் எதிரில் நின்றார். பெரிய வீட்டு மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"பாலாவ இழுத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது நான். மனசுல வெச்சிக்காத."

"டீ போடல," என்றாள் அம்முலு. "பால் தீந்துபோச்சு."

"இன்னொரு நாளைக்கு வந்து குடிக்கறேன்."

"வெள்ளிக்கிழமை வலை முடிஞ்சி வாங்க. எல்லாரும் கரை ஏறிட்டாங்கன்னு உங்க வாயால சொல்லிட்டு குடிங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார். தெருவில் சின்னபொண்ணு வேகவேகமாகப் பெருக்க ஆரம்பித்தாள். அந்த இடத்தில் பெருக்க ஒன்றுமே இல்லை.

"இன்னா அம்முலு, மொதலாளி வந்துட்டுப் போறாரு? வூட்டுக்காரனை வுட்டுட்டியா, இல்லியா?"

அம்முலுவுக்கு வழக்கமாக நாக்கில் பதில் இருக்கும். இன்றைக்கு வாயைத் திறந்தாள், உதடு கோணிக்கொண்டது. முறம் சாய்ந்து, அரிசி மடியெல்லாம் சிதறியது. தம்பியை எடுத்துக்கொண்டு போன நாளில் வராத அழுகை, ஊர் பேசிய அத்தனை பேச்சுக்கும் வராத அழுகை, எங்கிருந்தோ திரண்டு வந்தது.

முனியன் வாசலுக்கு வந்தான்.

"அவ என்னை எப்பவுமே புடிச்சி வெக்கல சின்னபொண்ணு," என்றான். "நாந்தான் அவ பின்னால ஒளிஞ்சிக்கினு இருந்தேன். நாளைக்கு எல்லாரும் வாங்க, வெவரமா சொல்றேன். இப்ப போ."

சின்னபொண்ணு துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். தினகரனின் பைக் கரும்புக் கொல்லைத் திருப்பத்தில் மறைந்தது. எதிர் வீடுகளிலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. உள்ளே அம்முலு புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்டுவிடாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"எடுமே அத்த வாயிலேர்ந்து," என்றான் முனியன். "நல்லா அழு."

அந்தக் குடியிருப்பில் பகலில் யாரும் வீட்டைச் சாத்துவதில்லை. அவன் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.